கூகிள்ல முதலாவதா வரணும், எவ்வளவு?

"தம்பி, கூகிள்ல எங்கட கடை முதலாவதா வரணும். எவ்வளவு முடியும்?"

போன நோன்புக்கு ரெண்டு மாசம் இருக்கும்போது காத்தான்குடி மெயின் வீதியில் ஒரு புடவைக் கடை முதலாளி என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. பிளேன்டியை என் பக்கம் தள்ளிவிட்டு, சீத்தைத் துணி மீற்றர் என்ன விலை என்று கேட்பது போலக் கேட்டார். நானும் என் மச்சானும் கம்பஸ் இல்லாத நாட்களில் சின்னச் சின்ன வெப்சைட் செய்து கொடுக்கிறோம். நான் கலைப்பீடம். கணினி படித்தவனில்லை, வந்தாறுமூலைக்கு பஸ்ஸில் போகவர போனில் வாசித்துப் பழகியதுதான். ஆனாலும் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. அதற்கு விலை கிடையாது. விற்காத சாமானுக்கு நான் என்ன விலை சொல்ல?

அதைச் சொன்னேன். சிரித்தார். "அப்ப ஒங்களுக்குத் தெரியா போல" என்று தன் போனை எடுத்து ஒரு வாட்ஸ்அப் மெசேஜைக் காட்டினார். "ஏழு நாளில் கூகிள் முதல் பக்கம். நூறு வீதம் உத்தரவாதம். இல்லாவிட்டால் காசு திரும்ப."

இந்தப் பதிவு அந்த மெசேஜுக்கு எதிரானது. முதலாளியோடு எனக்குக் கோபமில்லை. அவர் முப்பது வருசமாக வியாபாரம் செய்கிறவர். அவருடைய உலகத்தில் எல்லா இடத்துக்கும் ஒரு வாடகை இருக்கிறது. மெயின் வீதிக் கடைக்கு ஒரு வாடகை, உள் ஒழுங்கைக் கடைக்கு வேறு வாடகை. பேரீச்சை மரங்களுக்குப் பக்கத்தில் பெரிய போர்ட் போட ஒரு செலவு, கடை முகப்பில் சின்னப் போர்ட் போட வேறு செலவு. கூகிளும் ஒரு வீதி, அதில் முன்னுக்குள்ள இடத்துக்குக் காசு கொஞ்சம் கூட என்று அவர் நினைப்பதில் என்ன பிழை? பிழை என்று தெரிந்தும் அந்த நினைப்பை வைத்து உழைக்கிறவன் ஒருவன் இருக்கிறானே, அவனைப் பற்றித்தான் எழுத வேண்டும். அந்த வரிசையில் ஒரு காலத்தில் நானும் நின்றிருக்கிறேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

தேடுபொறிக்கு ஏற்றமாதிரி ஒரு பக்கத்தைச் சீர்செய்வதற்கு எஸ்.ஈ.ஓ. என்று பெயர். கூகிளில் ஒன்றைத் தேடினால் இரண்டு வகையான முடிவுகள் வரும். ஒன்று விளம்பரம், விளம்பரம் என்று எழுதியே இருக்கும். அதற்குக் காசு கட்டலாம், கட்டும்வரைக்கும் வரும், நிறுத்தினால் போய்விடும். மற்றது சும்மா வரும் வரிசை. அந்த வரிசையில் இடம் வாங்க முடியாது. கூகிளுக்கு மாதம் பத்து இலட்சம் ரூபா விளம்பரம் கொடுத்தாலும் இந்த வரிசையில் ஒரு படி ஏற்றமாட்டார்கள். முதலாம் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகிளே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. ஒரு வேலையின் பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும் என்றும் கூகிள் ஆட்களே சொல்லியிருக்கிறார்கள். அப்ப ஏழு நாள் எங்கிருந்து வந்தது?

அந்த வித்தையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஏமாறப்போகிற யாராவது இதை வாசிக்கலாம் என்பதால் விளக்கமாகவே சொல்கிறேன்.

ஏழாவது நாள் வருவான். "உங்கட போன எடுங்க காக்கா" என்பான். அவன் போன் வேண்டாம், உங்கள் போன். அதில் உங்கள் கடையின் முழுப் பெயரையும் ஊரின் பெயரையும் சேர்த்து அடிக்கச் சொல்வான். கடை முதலாவதாக வரும். முதலாளிக்கு முகமெல்லாம் சிரிப்பு. காசு கைமாறும்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். உங்கள் கடையின் முழுப் பெயரையும் ஏற்கனவே தெரிந்தவர்தான் அந்தப் பெயரை அடிப்பார். அந்தப் பெயரில் உலகத்தில் வேறு கடையே இல்லாதபோது முதலாவதாக வராமல் என்ன செய்யும்? அதோடு நீங்கள் நிற்பது கடைக்குள்ளேயே. கூகிள் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று பார்த்துப் பக்கத்தில் இருப்பதை மேலே காட்டும். தினமும் நாலு தரம் உங்கள் பக்கத்தை நீங்களே திறந்து பார்த்திருக்கிறீர்கள் என்றால் அதையும் கணக்கில் எடுக்கலாம். அதே சொல்லை அக்கரைப்பற்றில் நிற்கிற ஒருவர் தேடினால் அதே வரிசை வரவேண்டும் என்று கட்டாயமில்லை. கடையின் பெயர் தெரியாத ஒருத்தர் "கல்யாண சாரி" என்று மட்டும் தேடும்போது நீங்கள் வருகிறீர்களா என்பதுதான் கேள்வி. அதை அந்த ஏழாம் நாள்காரன் ஒருநாளும் அடித்துக் காட்டமாட்டான்.

இன்னொரு முதலாளி ஒரு தாள் தந்தார். அதில் அறுபது சொற்களுக்கு மேல். அபாயா, சாரி, சல்வார், மலிவு, மிக மலிவு, இலங்கையின் சிறந்த அபாயா. இடையில் பக்கத்துக் கடைக்காரரின் பெயரும் இருந்தது! "இதெல்லாம் கீழ வெள்ளை எழுத்தில போட்டுடுங்க, ஆக்களுக்குத் தெரியாது, கூகிளுக்கு மட்டும் தெரியும்" என்றார். யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இது இருபது வருசத்துக்கு முந்திய தந்திரம். பக்கத்தின் உள்ளே மறைவாக எழுதிவைக்கிற கீவேர்ட் பட்டியலைத் தான் வரிசைக்கு எடுப்பதே இல்லை என்று கூகிள் 2009இலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. நாங்கள் இன்னும் அதற்குக் காசு வாங்குகிறோம்.

ஏமாற்றினால் என்ன நடக்கும் என்பதற்குப் பெரிய இடத்துக் கதைகளே இருக்கின்றன. 2006 பெப்ரவரியில் பி.எம்.டபிள்யூ.வின் ஜெர்மன் வெப்சைட்டை கூகிள் தன் பட்டியலில் இருந்தே தூக்கியது. ஆட்களுக்கு ஒரு பக்கத்தையும் தேடுபொறிக்குச் சொற்களை அள்ளிக்கொட்டிய வேறொரு பக்கத்தையும் காட்டியதுதான் குற்றம். பி.எம்.டபிள்யூ. என்பதால் சில நாட்களில் திரும்பி வந்தது. 2011இல் அமெரிக்காவின் ஜே.சி. பெனி என்ற பெரிய கடை. சம்பந்தமே இல்லாத நூற்றுக்கணக்கான வெப்சைட்டுகளில் அந்தக் கடைக்கு ஆயிரக்கணக்கான லிங்க் போட்டு வைத்திருந்தார்கள். நியூயோர்க் டைம்ஸ் அதைத் தோண்டி எடுத்தது. ஒரு பயணப்பெட்டியைத் தேடினால் முதலாவதாக வந்துகொண்டிருந்த கடை, கூகிள் கைவைத்ததும் இரண்டு மணித்தியாலத்தில் 71ஆம் இடத்துக்கு விழுந்தது. அவர்களுக்கு வக்கீல் இருந்தார்கள், திரும்பக் கட்டியெழுப்பப் பணம் இருந்தது. எங்கட ஊர்க் கடை விழுந்தால் யாரைக் கேட்கிறது? காசு வாங்கினவனின் நம்பர் அதற்குள் மாறியிருக்கும்.

லிங்க் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், கூகிள் 1998இல் தொடங்கியதே அந்த யோசனையில்தான். ஒரு பக்கத்தைப் பற்றி அந்தப் பக்கம் தானே சொல்வதை விட, மற்றவர்கள் அதைச் சுட்டிக்காட்டுவது பெரிது. ஊரில் ஒரு மேசனையோ தையல்காரரையோ நாம் எப்படித் தேர்ந்தெடுக்கிறோம்? நாலு பேர் சொல்லக் கேட்டு. அவ்வளவுதான் விசயம். இதை எந்த முதலாளியிடமும் ஐந்து நிமிசத்தில் சொல்லிப் புரியவைக்கலாம். ஆனால் புரிந்துவிட்டால் நூறு லிங்க் இத்தனை ரூபா என்று விற்க முடியாதே.

சரி, வெப்சைட்டில் என்ன எழுதி வைத்திருக்கிறோம் என்று பாருங்கள். எங்கள் பக்கத்துக் கடைகளின் வெப்சைட் பத்தைத் திறந்தால் ஏழில் ஒரே ஆங்கிலம். "நாங்கள் முன்னணி நிறுவனம், தரமே எங்கள் தாரக மந்திரம்" என்று அர்த்தம் வரும் நாலு வசனம், ஏதோ வெளிநாட்டு வெப்சைட்டில் இருந்து வெட்டி ஒட்டியது. விலை இல்லை. எத்தனை மணிக்குத் திறப்பது என்று இல்லை. தமிழ் ஒரு சொல்லும் இல்லை. தமிழில் போடுவோம் என்றால், "தமிழ்ல போட்டா ஒரு எடுப்பு இரிக்காது தம்பி" என்கிறார்கள். கடைக்குள் நாள் முழுக்க தமிழில் கதைத்து, தமிழில் பேரம் பேசி, தமிழில் கடன் கொப்பி எழுதுகிற கடைக்கு வெப்சைட் மட்டும் ஆங்கிலம். ராத்திரி பத்து மணிக்கு ஓட்டமாவடியில் ஒரு உம்மா மகளின் கல்யாணத்துக்குப் புடவை பார்க்கிறார் என்றால் எந்த மொழியில் தேடுவார்? தமிழில், அல்லது தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து. அவருக்குப் பதில் சொல்கிற ஒரு வசனம்கூட உங்கள் பக்கத்தில் இல்லை. பிறகு கூகிள் காட்டவில்லை என்று கோபம்.

எங்கட ஊரின் பெயரே ஆங்கிலத்தில் ஒரு சோதனை. சிலர் டீ இரண்டு போடுவார்கள், சிலர் டீக்குப் பிறகு எச் போடுவார்கள், முடிவில் சிலருக்கு வை, சிலருக்கு ஐ. கூகிள் இவற்றை ஓரளவு ஒன்றாகப் புரிந்துகொள்கிறது. ஆனால் தமிழில் ஒரே எழுத்துத்தான், காத்தான்குடி. அந்த ஒன்றை எழுத எங்களுக்குக் கைவரவில்லை.

"பேஸ்புக் இரிக்கே, வெப்சைட் என்னத்துக்கு?" என்பதும் அடிக்கடி கேட்கிற ஒன்று. பேஸ்புக் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வியாபாரம் அங்கேதான் நடக்கிறது. ஆனால் 2018 மார்ச்சில் திகன கலவரத்தின்போது பேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் அரசாங்கம் ஒரு கிழமைக்கு மேல் தடுத்தது ஞாபகம் இருக்கிறதா? 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு திரும்பவும் ஒன்பது நாள் அளவில். 2022 ஏப்ரலிலும் ஒரு நாள். அந்த நாட்களில் பேஸ்புக் பக்கம் மட்டும் வைத்திருந்த கடைகள் இணையத்தில் இல்லாமல் போயின. சொந்தமாக ஒரு முகவரி இருந்தவர்கள் அப்படியே இருந்தார்கள். அதோடு பேஸ்புக்கில் போன பெருநாளைக்குப் போட்ட பதிவை இந்தப் பெருநாளைக்கு நீங்களே தேடி எடுக்க முடியாது.

இனித்தான் நான் உண்மையில் சொல்ல வந்தது.

அதே புடவைக் கடை முதலாளி, ரெண்டாவது பிளேன்டிக்குப் பிறகு, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "தம்பி, ஊர்ட பேரப் போட்டா அந்தச் சாமானெல்லாம்தானே வருது. அத அழிக்க எவ்வளவு?"

எந்தச் சாமான் என்று நான் கேட்கவில்லை. 2019 உயிர்த்த ஞாயிறு அன்று குண்டுகளை வெடிக்கவைத்த கூட்டத்தின் தலைவன் எங்கள் ஊர்க்காரன். 250க்கும் மேற்பட்ட உயிர்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் பிள்ளைகள் பலர், எங்கள் வீட்டில் இருந்து சில கிலோமீற்றர் தூரத்தில். அதன் பிறகு உலகத்துச் செய்தி நிறுவனமெல்லாம் ஊருக்குள் வந்து எழுதிவிட்டுப் போனது. பெரிய நிறுவனங்கள், பெரிய வெப்சைட்டுகள், அவற்றுக்கு ஆயிரக்கணக்கான லிங்க். அதனால் ஆங்கிலத்தில் ஊரின் பெயரை அடித்தால் அந்தக் கட்டுரைகள் மேலே நிற்கின்றன. அந்த வருசப் பெருநாளைக்கு முஸ்லிம் கடைக்குப் போகாதே என்று நாடு முழுக்கப் பிரசாரம் நடந்தபோது இவர் கடை வெறிச்சோடிக் கிடந்ததை நான் சின்னப் பையனாகப் பார்த்திருக்கிறேன். அவர் பயம் எனக்கு விளங்குகிறது.

ஆனால் அழிக்க முடியாது. கூகிள் மற்றவர்கள் எழுதியதைக் காட்டுகிற இடம். எழுதியவர் எடுத்தால்தான் அது போகும். ஐரோப்பாவில் 2014இல் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது, தனிமனிதர் ஒருவர் தன் பெயரில் வரும் பழைய விசயத்தைத் தேடல் முடிவில் இருந்து எடுக்கச் சொல்லிக் கேட்கலாம் என்று. அது ஐரோப்பாவுக்கு, அதுவும் ஆளின் பெயருக்கு. ஊரின் பெயருக்கு அப்படி ஒன்று எங்குமே இல்லை. அழித்துத் தருகிறேன் என்று ஒருவன் காசு கேட்டால் அது முதலாம் இடம் தருகிறேன் என்பதைவிடப் பெரிய பொய்.

முடிந்தாலும் நான் செய்யமாட்டேன். நடந்தது நடந்தது. அதைப் பற்றி எழுதப்பட்டவற்றில் சில அவசரத்தில் எழுதிய குப்பை, சில நியாயமான எழுத்து. அவற்றை மறைக்க எனக்கு என்ன உரிமை? 1990 ஆகஸ்ட் 3 இரவு இஷாத் தொழுகையில் எங்கள் ஊரின் ரெண்டு பள்ளிகளில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சுடப்பட்டார்கள். அதையும் இணையத்தில் இருந்து அழி என்று யாராவது கேட்டால் ஊர் ஒத்துக்கொள்ளுமா?

"சரி, அப்ப வெப்சைட்ல காத்தான்குடின்டு போடாதீங்க. மட்டக்களப்புன்டு மட்டும் போடுங்க." அவருடைய அடுத்த யோசனை அது. இங்கேதான் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது, மரியாதையை விடாமல் மறுத்தேன்.

முதலாவது, வியாபாரத்துக்கே அது நட்டம். பக்கத்தில் உள்ள கடைகளைத் தேடும்போது கூகிள் பார்ப்பது மூன்று விசயம்: கேட்டதற்குப் பொருத்தமா, எவ்வளவு தூரம், எவ்வளவு பேர் அறிந்த இடம். முகவரியை மழுப்பினால் தூரம் பிழைக்கிறது. மட்டக்களப்பு என்று நம்பி டவுனுக்குப் போன ஆள் திரும்பி வரமாட்டார். ரெண்டாவதுதான் எனக்குப் பெரிசு. அந்தக் கடைக்காரர் பெயரை எடுக்கிறார். பக்கத்து நகைக் கடைக்காரரும் எடுக்கிறார். டியூட்டரி எடுக்கிறது, பேக்கரி எடுக்கிறது. ஊரைப் பற்றி எழுதுகிற பொடியன்மார் எல்லாம் பேஸ்புக்கில் எழுதி ஒரு கிழமையில் தொலைக்கிறார்கள். கடைசியில் அந்தப் பெயரின் கீழ் மிச்சம் இருப்பது யார் எழுதியது? வெளியில் இருந்து ரெண்டு நாள் வந்து போனவர்கள் எழுதியது மட்டும். நாங்கள் எங்கள் பெயரைக் கைவிட்டுவிட்டு, அந்தப் பெயரைத் தேடினால் நல்லது வரவில்லையே என்று அழுகிறோம். பூர்வீக நூதனசாலையைப் பற்றி, வாவிக்கரையைப் பற்றி, கடைத்தெருவைப் பற்றி, எங்கட சாப்பாட்டைப் பற்றி ஒரு ஆள் தேடினால் தமிழில் ஒழுங்கான ஒரு பக்கம் கிடைக்க வேண்டாமா? பல்கலைக்கழகத்தில் ஒப்படை எழுத இணையத்தில் தேடி, ஒன்றும் இல்லை என்று முறைப்பாடு சொல்கிற எங்களில் எத்தனை பேர் எழுதி வைத்திருக்கிறோம்? என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

மச்சானுக்கு என் இந்தக் கதை பிடிக்காது. "கேட்டதச் செஞ்சி குடுத்திட்டுக் காச எடு. நீ இல்லாட்டி இன்னொருத்தன் செய்வான்" என்பான். அவன் சொல்வதில் பாதி சரி. இன்னொருத்தன் செய்வான், செய்தும் இருக்கிறான். ஆனால் நான் ஒருக்கா அப்படிச் செய்து பார்த்தவன். முதல் வருசத்தில் ஒரு கெஸ்ட்ஹவுஸ்காரரிடம் "மூணு மாசத்தில முதல் பக்கம்" என்று சொல்லி அட்வான்ஸ் வாங்கினேன். எனக்கே அப்போது ஒன்றும் தெரியாது. மூணு மாசம் கழித்து அவர் போன் எடுக்கும்போதெல்லாம் நான் எடுக்கவில்லை. காசைத் திருப்பிக் கொடுக்க எனக்கு ஐந்து மாசம் பிடித்தது. அவர் ஒன்றும் ஏசவில்லை. "இந்தப் பொடியன்மார் எல்லாம் இப்படித்தான்" என்று மட்டும் யாரிடமோ சொன்னாராம். இப்போது ஊரில் வெப்சைட் வேலை கேட்டுப் போகிற எந்தப் பொடியனும் அந்த வசனத்தைச் சுமந்துகொண்டுதான் போகிறான். அதில் என் பங்கும் இருக்கிறது.

முதலாளி கடைசியில் ஏழு நாள்காரனிடம்தான் போனார். எட்டாம் நாள் என்னைக் கூப்பிட்டுப் போனைக் காட்டினார், கடைப் பெயர் முதலாவதாக நின்றது. நான் ஒன்றும் சொல்லவில்லை. நோன்பு முடிந்து ஹஜ்ஜுப் பெருநாளும் வந்து போனது. போன மாசம் ஒரு நாள் அவரே போன் எடுத்தார். செங்கலடியில் இருந்து ஒரு குடும்பம் கல்யாணத்துக்கு உடுப்பெடுக்க வேன் பிடித்து வந்திருக்கிறது, வெள்ளிக்கிழமை. கடை பூட்டு. கூகிள் மேப்பில் வெள்ளிக்கிழமையும் திறப்பு என்று இருந்ததாம். அவர்கள் வாசலில் நின்று எடுத்த போட்டோவோடு ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். "அத அழிக்க ஏலுமா?"

ஏலாது என்றேன். ஆனால் அன்றைக்கே போய் இலவசமாகக் கிடைக்கிற அந்தக் கடைக் கணக்கைத் திறந்து நேரத்தைத் திருத்தினோம், பத்து நிமிச வேலை. வெள்ளி பூட்டு என்று போட்டோம். அந்தக் குடும்பத்துக்கு மன்னிப்புக் கேட்டு அவர் சொல்லச் சொல்ல நான் பதில் எழுதினேன், தமிழில். அடுத்த முறை வந்தால் தானே கடையைத் திறந்து தருவதாகச் சொன்னார், அதையும் போட்டேன்.

பிறகு, கடையில் கூடவாகப் போவது என்ன என்று கேட்டேன். மருதமுனைச் சாரன் என்றார். கைத்தறிக்கும் மெசின் சாரனுக்கும் தொட்டுப் பார்த்தே என்ன வித்தியாசம், எந்தச் சாயம் முதல் கழுவலில் போகும், உயரமான ஆளுக்கு எந்த அளவு என்று நாற்பது நிமிசம் கதைத்தார். போனில் பதிவுசெய்து வைத்திருக்கிறேன், இந்தக் கிழமை தட்டச்சு செய்கிறேன். கடை முகவரியில் ஊரின் பெயர் இருக்கும், அதற்கு இன்னும் அரைமனசுதான் அவருக்கு. இதைப் போட்டால் எத்தனையாவதா வரும் என்று வாசல் வரைக்கும் வந்து கேட்டார்.

தெரியா ஹாஜியார் என்றேன்.